சுத்தக் கலப்படம்

கொலோனுக்கு வந்த புதிதில், கர்நாடக சங்கீதத்துக்கு இந்த ஊரில் நானே பிரதிநிதி என்று ஒரு நினைப்பு. பக்கத்து வீட்டு ஜெர்மானியர் ஒரு நாள் ‘ஜோதி’ இசைத்தட்டைப் போட்டுக் காட்டினார். 1983-இல் மியூனிக்கின் ஈசிஎம் நிறுவனத்தார் எடுத்தது. பெங்களூரின் கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு அமெரிக்க ஜாஸ் கலைஞர் சார்லி மரியானோ சாக்ஸபோன் வாசிக்கிறார். இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு, “சுத்தக் கலப்படம்” என்றேன்.

“என்ன ராகம்?” என்று கேட்டார் மனிதர்.

கல்யாணி என்றேன். எனக்கு எல்லாமே கல்யாணிதான். சில நாள் மோகனம். தாளம் போட்டுக் காட்டச் சொன்னார். ஓர் ஆவர்த்தனம் முடிவதற்குள் என் கை ஒரு பக்கம், அந்தக் குழுவின் டி.ஏ.எஸ். மணியின் மிருதங்கம் இன்னொரு பக்கம். “ஜெர்மன் ஸ்பீக்கர், கொஞ்சம் தாமதிக்கிறது” என்று சமாளித்தேன்.

கலப்படம் எந்த இடத்தில் என்று அவர் கேட்டபோதுதான் ஒழுங்காகக் காது கொடுத்தேன். குழுவின் பாடகி ஆர்.ஏ. ரமாமணியின் குரலில் கமகம் இம்மி பிசகவில்லை. தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் கொன்னக்கோலாகவே ஓடியது. சாக்ஸபோன்தான் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் தாளத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. உருப்படிகள் ரமாமணியுடையவை என்று உறையிலேயே போட்டிருக்கிறது. உறையையெல்லாம் யார் படிக்கிறார்கள்? ‘ஜோதி’க்கு முந்தின வருஷம் டிஸிடென்டன் என்ற ஜெர்மன் குழுவோடு ‘ஜெர்மானிஸ்தான்’ என்ற தட்டிலும் இதே பெங்களூர்க்காரர்கள் வாசித்திருந்தார்கள். கையிலிருந்தது எதுவும் கரைந்துபோகவில்லை.

அத்தோடு விட்டேனா? எங்கள் மரபில் அந்நியக் காற்றே படாது என்று நிரூபிக்க ஒரு கச்சேரியைப் போட்டுக் காட்டினேன். வயலின் கச்சேரி! பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் ஐரோப்பியரிடமிருந்து வாங்கிக்கொண்ட வாத்தியம். தரையில் உட்கார்ந்து, அதன் தலையை வலது காலில் ஊன்றி, தந்திகளை ச-ப-ச-ப என்று கூட்டி, வீட்டோடு மாப்பிள்ளை ஆக்கிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மரியாதையாகச் சிரித்தார்.

மரியானோ நாகஸ்வரமும் வாசிப்பார் என்று அவர் சொல்லித்தான் தெரியும். பாஸ்டனில் பிறந்தவர், 1960களில் மலேசியா போன இடத்தில் அதைக் கேட்டுக் கிறங்கி, அப்புறம் தென்னிந்தியாவுக்கே வந்து ஆசிரியர் வைத்துக் கற்றாராம். கடைசிக் காலத்தில் இருந்தது இதே கொலோனில், 2009-இல் காலமானார். நான் தஞ்சாவூர்க்காரன். என் கல்யாணத்தில் நாகஸ்வரக்காரரிடம் எழுந்துபோய், “போட்டோகிராபர் சொல்றது காதுல விழல, கொஞ்சம் மெதுவா ஊதுங்க” என்று கேட்டுக்கொண்டவன்.