ஒரு நூலுக்கு மூன்று கணக்கு

எங்கள் பனியன் கம்பெனியில் முப்பதாம் நம்பர் கோம்டு நூல் எத்தனை கிலோ இருக்கிறது என்று கேட்டால் மூன்று பதில் கிடைக்கும். ஸ்டோர்ஸில் ஒன்று, மெர்ச்சண்டைசரிடம் ஒன்று, என்னுடைய அக்கவுண்ட்ஸில் ஒன்று. முதலாளி மூன்றையும் கேட்டுவிட்டு, எங்கள் முகங்களை ஒருமுறை பார்த்துவிட்டு, நாலாவதாக ஒரு எண்ணைச் சொல்வார். பெரும்பாலும் அதுதான் சரியாக இருக்கும். திருப்பூரிலிருந்து இப்படியே கண்டெய்னர் கண்டெய்னராகச் சரக்கு போய்க்கொண்டிருந்தது. பிறகு சின்ன முதலாளி எம்பிஏ முடித்து வந்தார். ஈஆர்பியும் வந்தது.

ஈஆர்பி செய்யும் வேலையைச் சொன்னால் சாதாரணமாகத்தான் தெரியும். வாங்குவது, தைப்பது, அனுப்புவது, சம்பளம், வரி எல்லாம் ஒரே இடத்தில் பதிவாகும். ஒருவர் ஒருமுறை ஏற்றினால் போதும், எல்லோருக்கும் ஒரே எண் தெரியும். இதன் மூதாதை 1964-இல் அமெரிக்காவில் ஜோசப் ஆர்லிக்கி உருவாக்கிய பொருள் தேவைக் கணக்கு. நம் ஊர்ப் பாஷையில் சொல்கிறேன். 10,000 டி-சர்ட் ஆர்டர், ஒன்றுக்கு 200 கிராம் துணி, ஆக 2,000 கிலோ. சாயப்பட்டறையில் 8 சதவீதம் குறையும் என்றால் நூல் சுமார் 2,174 கிலோ வேண்டும். கையில் 600 இருந்தால் 1,574 வாங்கு, ஷிப்மெண்ட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி இன்ன தேதிக்குள் வாங்கு என்று அதுவே சொல்லும். இந்தக் கணக்கில் சிக்கலே கிடையாது, ‘கையில் 600’ என்ற இடத்தைத் தவிர.

அந்த 600-ஐத் தேடித்தான் சென்னையிலிருந்து முழுக்கைச் சட்டைத் தம்பி ஒருவர் வந்தார். முதலில் பொருள் பட்டியல் கேட்டார். கொடுத்தோம். வெள்ளை பட்டன் எங்களிடம் ‘வெள்ளை பட்டன்’, ‘ஒயிட் பட்டன்’, ‘பட்டன் ஒயிட் 18’, ‘பழைய பட்டன்’ என்று பல பெயர்களில் வாழ்ந்துகொண்டிருந்தது. ‘மாணிக்கம் கேட்ட பட்டன்’ என்றும் ஒன்று இருந்தது. மாணிக்கம் யார் என்று தம்பி கேட்டார். அவர் வேலையை விட்டுப் போய் வெகுகாலம் ஆகிறது, பட்டன் மட்டும் இருக்கிறது என்றோம். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

அடுத்தது கடவுச்சொல். ஆளுக்கொரு ஐடி கொடுத்தார்கள். யாருக்கும் நினைவில் நிற்கவில்லை. எங்கள் அக்கவுண்ட்ஸ் பெண்ணின் கடவுச்சொல் மட்டும் மானிட்டரில் ஒட்டியிருந்ததால் எல்லோரும் அதிலேயே நுழைந்தார்கள். அவள் கல்யாணத்துக்கு லீவில் போன வாரத்தில், ஈஆர்பி ரிப்போர்ட்டின்படி அவளே துணி வெட்டியிருக்கிறாள், செக்கிங் பார்த்திருக்கிறாள், இரவு இரண்டு மணிக்கு கேட்டில் லாரியை உள்ளே விட்டிருக்கிறாள். தாலி கட்டிய முகூர்த்த நேரத்தில் 40 பெட்டி பேக்கிங் வேறு.

ஸ்டோர்ஸ் அண்ணன் மட்டும் தன் நீள நோட்டை விடவில்லை. “ஏனுங்க தம்பி, கம்ப்யூட்டர்ல 400 கிலோ இருக்குதுன்னா அதையே எடுத்து நிட்டிங்குக்கு அனுப்புங்க. எங்கிட்ட இருக்கறது 260 தானுங்க” என்றார். தம்பிக்குப் பதில் வரவில்லை. மீதி 140 கிலோ ஜாப் ஒர்க்குக்குப் போயிருந்தது. டெலிவரி சலான் அண்ணனின் சட்டைப் பையில் இருந்தது.

நம்மை மட்டும் குறை சொல்ல வேண்டாம். 1999-இல் ஹெர்ஷீஸ் சாக்லேட் கம்பெனி புது மென்பொருளுக்கு மாறியது, அதுவும் மிட்டாய் அதிகம் விற்கும் ஹாலோவீன் சீசனுக்குச் சற்று முன்பு. சரக்கு கிடங்கில் கிடக்க, சுமார் 10 கோடி டாலர் ஆர்டரை நேரத்துக்கு அனுப்ப முடியவில்லை. ஜெர்மனியின் லிடில் கடைக்காரர்கள் தங்கள் நாட்டு எஸ்ஏபியையே வாங்கினார்கள். அந்த மென்பொருள் இருப்பை விற்பனை விலையில் மதிப்பிடும். இவர்களுக்குக் கொள்முதல் விலையில் மதிப்பிட்டுத்தான் பழக்கம். பழக்கத்தை மாற்ற மனமில்லாமல் மென்பொருளை மாற்றிக்கொண்டே போனார்கள். சுமார் 50 கோடி யூரோ செலவான பிறகு, 2018-இல் மூட்டை கட்டினார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் ஸ்டோர்ஸ் அண்ணன் ஜெர்மனியில் பிறந்திருந்தால் எங்கே வேலை பார்த்திருப்பார் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் எங்கள் ஈஆர்பி ஓடத் தொடங்கியது. சலான்கள் பையிலிருந்து வெளியே வந்தன. மாணிக்கத்தின் பட்டன் மற்ற வெள்ளை பட்டன்களோடு ஒன்று சேர்ந்தது. மூன்று பதில் இரண்டானது. ஒரு திங்கட்கிழமை, சாயப்பட்டறை வாரியாக எவ்வளவு துணி குறைகிறது என்ற ரிப்போர்ட் முதன்முறையாகத் திரையில் வந்தது. எல்லாப் பட்டறையிலும் 7, 8 சதவீதம். ஒன்றில் மட்டும் 13.

அது முதலாளியின் மச்சான் பட்டறை.

இது ஸ்டோர்ஸுக்குத் தெரியும், கட்டிங்குக்குத் தெரியும், எனக்கும் தெரியும். முதலாளிக்கும் தெரியாமல் இருக்காது. ஆனால் சிவப்பு நிறத்தில், தசமப் புள்ளியோடு, சின்ன முதலாளி பக்கத்தில் இருக்கும்போது யாரும் அதைச் சொன்னதில்லை. அறையில் ஏசி ஓடும் சத்தம் கேட்டது. முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுப் பார்த்தார். 13 அப்படியே இருந்தது.

“தம்பி, சிஸ்டம் அருமைங்க” என்றார். “அந்தக் கடைசிக் கட்டம் மட்டும் வேண்டாமுங்க. எடுத்துருங்க.”

தம்பி எடுத்துக் கொடுத்தார். அடுத்த மாதம் அதற்குத் தனியாக ஒரு பில் வந்தது, ‘கஸ்டமைசேஷன்’ என்ற தலைப்பில். எந்தச் செலவுக் கணக்கில் ஏற்றுவது என்று முதலாளியிடம் கேட்டேன். சாயச் செலவில் ஏற்றச் சொன்னார்.