பொறவாசல் பொருளாதாரம்

ஏலே பேராண்டி, நோட்டுல கட்டம் போட்டு வச்சிருக்கியே, அழகாத்தான் இருக்கு. மரபுப் பொருளாதாரம், முதலாளித்துவம், சமதர்மம், கலப்பு. நாலு கட்டம், நாலு கலர் பேனா. பரீட்சைல அப்பிடியே எழுதிரு, மார்க்கு விழும். திருத்துத வாத்தியாருக்கும் கட்டம்னா சோலி சீக்கிரம் முடியும், பாவம்.

ஆனா வெளிய வந்து அதை நம்பிராத. ஒரு வீட்டு நெலவரம் தெரியணும்னா வாசக்கோலத்தைப் பாத்துட்டுத் திரும்பக் கூடாதுலே, பொறவாசல் வழியாப் போயிப் பாக்கணும். நாடும் அப்பிடித்தான். முன்வாசல்ல என்ன போர்டு தொங்கினாலும், பொறவாசல்ல எதிராளி சரக்கு கொஞ்சம் பதுங்கிக் கெடக்கும்.

ரஷ்யாவை எடுத்துக்கோ. எங்க காலத்துல ‘சோவியத் நாடு’ன்னு ஒரு பத்திரிகை வழவழன்னு வரும். படிச்சவன் பாதி, பிள்ளைக நோட்டுக்கு அட்டை போட்டவன் பாதி. அதுல கூட்டுப்பண்ணைப் படத்தைப் பாத்தாக் கண்ணு கூசும். டிராக்டரு வரிசை கட்டி நிக்கும், கோதுமை ஆளுயரத்துக்கு நிக்கும். நெலமெல்லாம் பொது. சரி, ஒத்துக்கிடுதேன். ஆனா பண்ணை ஆளுக வீட்டுக்குப் பின்னால ஒரு துண்டு நெலம், ஒரு பசு, கொஞ்சம் கோழி சொந்தமா வச்சுக்கிடலாம்னு ஸ்டாலின் காலத்துலயே, 1935 விதிமுறைல, இடம் விட்டு வச்சாங்க. மொத்தப் பயிர் நெலத்துல அது நூத்துக்கு மூணு பங்கு இருந்தாலே பெருசு. நாட்டு வெள்ளாமைல கால்வாசி அந்தத் துண்டுலருந்துதான் வந்துச்சு! உருளைக்கிழங்கு, முட்டை, காய்கறி, பாலு எல்லாம். பொது வயல்ல கொட்டாவி விட்ட அதே ஆளு, அந்திக்கு வீட்டுக் கொல்லைல குனிஞ்ச முதுகை நிமித்தல.

டவுனுப் பக்கம் இன்னும் கூத்து. ஆணி செய்யுத ஆலைக்கு இலக்கு டன் கணக்குல. ‘க்ரொக்கதீல்’னு அவங்க நாட்டு நையாண்டிப் பத்திரிகைலயே ஒரு படம் போட்டான். ஆலை நீளத்துக்கு ஒத்தை ஆணி. ஆணி ஒண்ணுதான், இலக்கு முடிஞ்சுபோச்சு. எவன் வீட்டுச் சொவத்துல அதை அடிக்கதுன்னு கேக்கப்படாது. எடை சரியா இருக்கா, அம்புட்டுத்தான்.

சீனாக்காரன் கதை இதைவிட ரசம். அன்ஹுய் மாகாணத்துல சியாவ்காங்னு ஒரு பட்டிக்காடு. பிச்சை எடுக்கப் போறதுக்குப் பேர்போன ஊரு. 1978 கடைசில, குளிர்காலம், 18 குடும்பத்து ஆளுக ராத்திரி ரகசியமாக் கூடுனாங்க. பொது நெலத்தைக் குடும்பத்துக்கு இவ்வளவுன்னு பிரிச்சுக்கிடுவோம், சர்க்காருக்கு அளக்க வேண்டியதை அளந்துட்டு மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டு போவோம்னு எழுதி, கைரேகை வச்சாங்க. வெளிய தெரிஞ்சா செயிலு, இல்லாட்டி தலை. அதனால இன்னொரு வரியும் எழுதுனாங்க: முன்ன நிக்குதவன் மாட்டிக்கிட்டா, அவன் பிள்ளைகளை மத்தவங்க 18 வயசு வரைக்கும் வளத்து ஆளாக்கணும். எந்தப் பொருளாதாரப் புத்தகத்துலலே இப்பிடி ஒரு வரி இருக்கு? மறு வருஷ வெள்ளாமை, அதுக்கு முந்தின அஞ்சு வருஷத்தைக் கூட்டுனாலும் மிஞ்சுச்சுன்னு அவங்களே சொல்லுதாங்க. தலையை வாங்கியிருக்க வேண்டிய காகிதம் இப்ப மியூசியத்துல இருக்கு. ஒண்ணு கவனிச்சியா? இன்னைக்கும் அந்த நெலம் குடியானவன் பேர்ல கெடையாது. முன்வாசல் போர்டைச் சீனாக்காரன் கழட்டவே இல்ல. கில்லாடி.

இப்ப நீ விழுந்து கும்பிடுதியே அமெரிக்கா, அங்க வருவோம். சந்தை தன்னால சரி பண்ணிக்கிடும்னு சொல்லுத ஊரு. 1933-ல வெள்ளாமை விலை அடியோட விழுந்து கெடந்துச்சு. ரூஸ்வெல்ட் சர்க்காரு என்ன பண்ணுச்சுன்னு நெனைக்க? வெளைஞ்சு நிக்குத பருத்திய உழுது மண்ணுல தள்ளு, காசு தாரேன்னுச்சு. ஒரு கோடி ஏக்கர் போச்சு. 60 லட்சம் பன்னிய, பெரும்பாலும் குட்டிக, வெலைக்கு வாங்கிக் கொன்னுச்சு. தெருவுல கஞ்சிக்கு வரிசை நிக்கு, இங்கன பன்னிக்குட்டிய அடிச்சுத் தள்ளுதான். பருத்திக் காட்டுல செடிய மிதிக்காம நடக்கப் பழக்குன கோவேறு கழுதைக, செடி மேல ஏற மாட்டேன்னு முரண்டு பிடிச்சு நின்னுச்சுன்னு சொல்லுவாங்க. கழுதைக்குச் சந்தைப் பொருளாதாரம் படிக்கக் குடுத்து வைக்கல.

அந்த ஊரு மிச்சக் கோதுமைதான் 1954-ல போட்ட சட்டத்துல கப்பலேறி நம்ம நாட்டுக்கு வந்துச்சு. பள்ளிக்கூடத்துல மக்காச்சோள உப்புமாவும் பால் பவுடரும் தின்னு வளந்தவன் உங்க அப்பன் வயசுல எத்தனை பேரு! ருசி சொல்லுதாப்ல இருக்காது, வயிறு நெறைஞ்சுச்சு. முதலாளித்துவ நாட்டுச் சர்க்காரு கொள்முதல் பண்ணி, திட்டம் போட்ட நாட்டுப் பிள்ளைகளுக்கு ஊத்துனது. இதை எந்தக் கட்டத்துல எழுதுவ? 2008-ல பேங்கெல்லாம் கவுந்தப்போ 70,000 கோடி டாலருக்குச் சட்டம் போட்டுத் தூக்கி நிறுத்துனாங்களே, அதையும் சேத்துக்கோ. லாபம் வந்தா முன்வாசல், நட்டம் வந்தா பொறவாசல்.

சிங்கப்பூரைச் சொல்லுவ, தெரியும். தடையில்லா வியாபாரத்துக்கு உதாரணம் காட்டுத ஊருதான். அங்க நெலத்துல பெரும்பகுதி சர்க்காருது. அஞ்சு பேர்ல நாலு பேரு குடியிருக்கது சர்க்காரு கட்டுன அடுக்குவீட்டுல.

நம்ம நாட்டுக் கலப்பு மட்டும் நேருவு கொண்டாந்து தலைல கட்டுனதுன்னு பேசுதாங்க. 1944-லயே டாட்டாவும் பிர்லாவும் மத்த முதலாளிகளும் சேந்து பம்பாய்த் திட்டம்னு ஒண்ணு எழுதி, பெரிய தொழிலுக்குச் சர்க்காரு காசு போடணும், வெளிநாட்டுப் போட்டிய மறிக்கணும்னு கேட்டாங்கலே. கேட்டது கெடைச்சுச்சு. கூடவே இவ்வளவுதான் செய்யலாம்னு லைசென்சும் வந்துச்சு. ஒரு ஸ்கூட்டருக்குப் பதிஞ்சு வச்சுட்டு வருஷக்கணக்காக் காத்துக் கெடந்தோம். பதிஞ்சவனுக்கு வண்டி வரும்போது மகன் லைசென்சு எடுக்க வயசாயிருக்கும்.

ரொம்பத் தூரம் எதுக்கு, நம்ம கோவில்பட்டித் தீப்பெட்டி. 14 வருசமா ஒரு பெட்டி ஒரு ரூவா. 2021 டிசம்பர் 1-ம் தேதிலருந்து ரெண்டு ரூவா. சந்தையா சொல்லுச்சு? மருந்து வெலை, அட்டை வெலை ஏறிப்போச்சுன்னு சங்கத்துக்காரங்க சிவகாசில கூடி உக்காந்து முடிவு பண்ணுனாங்க. அப்புறம் பிளாஸ்டிக் லைட்டரு வந்து கழுத்தைப் பிடிச்சுச்சு. உடனே டெல்லிக்கு மனு. 2023-ல, 20 ரூவாய்க்குக் கொறைஞ்ச லைட்டரு வெளிநாட்டுலருந்து எறங்கக் கூடாதுன்னு தடை. நான் தப்புன்னு சொல்லல. அந்தக் குச்சில நம்ம ஊருப் பொம்பளைக எத்தனையோ பேரு அடுப்பு எரியுது. ஆனா அதே முதலாளிமாரு, ‘தொழில்ல சர்க்காரு தலையிடக் கூடாது’ன்னு மேடைல பேசும்போது முகத்தைப் பாரு. சிரிக்காம இருக்கதுக்கு ஒரு தெறமை வேணும்.

முதல் கட்டத்துல எழுதியிருக்கியே மரபுப் பொருளாதாரம், அதைப் பத்தி நான் கொஞ்சம் மெதுவாத்தான் பேசணும். காசில்லாமலே ஊரு நடந்துச்சு, வேலைக்குத் தானியம், எல்லாரும் ஒத்துமைன்னு இப்ப பாட்டாப் பாடுதாங்க. களத்துல பொலி தூத்தி முடிச்சு, சலவைக்காரருக்கும் சவரம் பண்ணுதவருக்கும் அளந்து போடுவாங்க, நெசந்தான். எவ்வளவுங்கதை மரக்கால் பிடிக்குதவன் முடிவு பண்ணுவான். பத்தலன்னு கேக்க அவங்களுக்கு வாயில்ல. வேற தொழிலுக்குப் போகவும் வழியில்ல. சவரம் பண்ணுதவருக்குப் பெறந்ததும் அதே கத்தியத்தான் பிடிக்கணும். பொறவாசலே வைக்காமக் கட்டுன வீடு அது ஒண்ணுதாம்லே.

உன் பொறவாசலையும் பாத்துருவோமா? 2011-லருந்து ரேஷன்ல அரிசி காசில்லாம. உங்க ஆச்சி அதை இட்லிக்கு ஊறப் போட்டுட்டு, சோத்துக்குக் கடைல பொன்னி வாங்குதா. கலப்புப் பொருளாதாரத்துக்கு எவ்வளவு சுருக்கமா விளக்கம் எழுதியிருக்கா பாரு. உங்க அம்மை டவுனுக்குக் கட்டணமில்லாத பஸ்ஸுல போறா, எறங்குன எடத்துல எவன் கொறைச்சுக் குடுக்கான்னு நாலு கடை ஏறி எறங்குதா. சியாவ்காங்காரன் சர்க்காரு பிடிலருந்து வெளிய வரக் கைரேகை வச்சான். நீ துவரம்பருப்புக்கும் பாமாயிலுக்கும் ரேஷன் கடை மிஷின்ல கைரேகை வைக்க. அதுவும் மொதல்ல பதியல, விரலை வேட்டில தொடச்சுட்டுத் திரும்ப வைக்க.

சர்க்காரு பள்ளிக்கூடத்துல படிச்ச பிள்ளைன்னு தமிழ்ப் புதல்வன் திட்டத்துல ஆயிரம் ரூவா மாசாமாசம் உன் கணக்குல விழுதுல்லா? அதுல போனுக்கு ரீசார்ஜ் பண்ணி, ‘இலவசத்தை ஒழித்தால்தான் நாடு உருப்படும்’னு ஸ்டேட்டஸ் போட்டியே, கணேசன் கடைல எல்லாருக்கும் காட்டுனாங்க. நல்ல எழுத்து, பிழை இல்ல.

அடுத்த மாசம் பணம் விழுந்ததும் எனக்கு ரெண்டு கட்டு வெத்தலையும் கொட்டைப்பாக்கும் வாங்கியா. திருப்பித் தர மாட்டேன். அது எந்தக் கட்டத்துல வருதுன்னு மட்டும் உங்க வாத்தியாருட்ட கேட்டுட்டு வா.