கதவிடுக்கில் ஒரு சிலிப்பர்

கேள்வி: எங்கள் ஃப்ளாட்டில் படிக்கட்டுக் கதவு தானாகச் சாத்திக்கொள்கிறது. சந்தைச் சாமானோடு வரும்போது முதுகில் மோதுகிறது. பழைய சிலிப்பரை இடுக்கில் சொருகி வைக்கலாமா?
– வாசகி, புந்தோங்

பதில்: கீழ்மாடியில் தீப்பிடித்தால் அந்தச் சிலிப்பர் வழியாகத்தான் புகை உங்கள் மாடிக்கு ஏறும். அது தீக்கதவு; தீக்கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும் என்பது மலேசியாவின் 1984-ஆம் ஆண்டுக் கட்டடத் துணைச் சட்டம். சூடு பட்டால் விடுபடும் கொக்கி போட்டுத் திறந்து வைக்கச் சில கதவுகளுக்கு அனுமதி உண்டு. படிக்கட்டுக் கதவுக்கு அதுவும் இல்லை. கொக்கிக்கே கிடைக்காத சலுகை சிலிப்பருக்கா? வேகம் அதிகம் என்றால், கதவின் மேலே இருந்து அதைச் சாத்தும் குளோசரின் திருகைச் சரிசெய்யும்படி நிர்வாகத்திடம் சொல்லுங்கள்.

கேள்வி: கதவு நல்ல கனம். அதுவே தீயைத் தடுக்காதா? குளோசர் எதற்கு?

பதில்: திறந்து கிடக்கும் கதவு எவ்வளவு கனமாக இருந்து என்ன? லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14 அன்று பிடித்த தீயில் 72 பேர் மாண்டார்கள். தீ ஏறியது வெளிச்சுவரில். ஆனால் உள்ளே புகை பரவியதற்கு, தானாகச் சாத்தாத வீட்டுக் கதவுகளும் ஒரு காரணம் என்றது விசாரணை. உயிருக்கு ஓடுகிறவர் திரும்பி நின்று கதவைச் சாத்துவாரா? அவருக்குப் பதிலாகச் சாத்தத்தான் குளோசர். கனத்தையும் நம்பாதீர்கள்: 30 நிமிடம் தாங்க வேண்டிய கிரென்ஃபெல் கதவு ஒன்று, பிறகு நடந்த சோதனையில் சுமார் 15 நிமிடமே தாங்கியது.

கேள்வி: நாமே சோதிக்க முடியுமா?

பதில்: முடியும். கதவை முழுக்கத் திறந்து விடுங்கள். பிறகு ஒரு சாண் மட்டும் திறந்து விடுங்கள். இரண்டு முறையும் 'டக்' என்று தாழ் விழ வேண்டும். முக்கால்வாசி மூடி நின்றுவிட்டால் அது வெறும் பலகை. அடுத்து, கதவுக்கும் நிலைக்கும் நடுவே பக்கங்களிலும் மேலேயும் சுமார் 3 மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கலாம். நான்கு மைகார்டு அடையாள அட்டைகளை அடுக்கினால் அந்தக் கனம் வரும். அடுக்கு தாராளமாக உள்ளே போய் ஆடினால் புகார் எழுதுங்கள். வீட்டாரிடம் வாங்கிய கார்டுகளை மறக்காமல் திருப்பிக் கொடுங்கள்!

கேள்வி: கதவோரத்தில் ஒரு பட்டை உரிந்து தொங்கியது. அசிங்கமாக இருந்ததால் பிடுங்கிவிட்டேன்.

பதில்: ஐயோ! சும்மா கிடக்கும் அந்தப் பட்டை, சூடு பட்டதும் எண்ணெயில் போட்ட அப்பளமாகப் பொங்கி இடுக்கை அடைக்கும். நீங்களே பசை போட்டு ஒட்டாதீர்கள். அதே வகைப் பட்டையைத் தெரிந்தவரைக் கொண்டு போடச் சொல்லுங்கள்.

கேள்வி: திருட்டுப் பயம். கடையின் பின்கதவுக்கு மாங்காய்ப் பூட்டு போட்டிருக்கிறேன்.
– கடைக்காரர், சிலிபின்

பதில்: திருடனுக்கும் உங்கள் வேலைக்காரருக்கும் ஒரே பூட்டா? வெளியேறும் கதவு உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க வேண்டும் என்பது சட்டம். வெளியே பூட்டியிருந்தாலும், உள்ளே கம்பியைத் தள்ளினால் திறக்கும் அமைப்பு உண்டு. 2017 செப்டம்பர் 14 அன்று கோலாலம்பூர் கிராமாட்டில் ஒரு சமயப் பள்ளி விடுதி எரிந்தபோது, சன்னல் கம்பிகளைத் தாண்ட முடியாமல் பிள்ளைகள் உள்ளே சிக்கினார்கள். இறந்தவர்கள் 23 பேர். சன்னலுக்குக் கம்பி போடுவதற்குமுன் அதையும் யோசியுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே கச்சாங் பூத்தே வறுக்கிறோம். தரைவீடு. தீக்கதவு வேண்டுமா?

பதில்: வேண்டாம், வாணலிக்கு மூடி போதும். எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பை அணைத்து மூடுங்கள். அடங்காவிட்டால் எல்லாரும் வெளியே வந்து 999.

கேள்வி: வருஷா வருஷம் பொம்பா (தீயணைப்புத் துறை) பார்க்கிறதே, நாங்கள் ஏன் பார்க்க வேண்டும்?

பதில்: 1988-ஆம் ஆண்டுத் தீயணைப்புச் சேவைச் சட்டப்படி ஆண்டுதோறும் சான்றிதழ் புதுப்பிக்க வேண்டியவை, பட்டியலில் உள்ள கட்டடங்கள் மட்டுமே. சிலிப்பர் சொருகப்படுவதோ சோதனை முடிந்த மறுநாளே. கிரென்ஃபெல்லுக்குப் பிறகு இங்கிலாந்தில், 11 மீட்டருக்கு மேல் உயர்ந்த குடியிருப்புகளின் பொதுக் கதவுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லி 2023 முதல் விதி நடப்பில் இருக்கிறது. தினமும் அந்தக் கதவைத் தள்ளுகிறவர் நீங்கள். உங்களுக்கு விதி எதற்கு?

கேள்வி: 'கதவை மூடியே வைக்கவும்' என்று தமிழிலும் பலகை மாட்டலாமா?

பதில்: ஒட்டுங்கள். ஆணி மட்டும் அடிக்காதீர்கள்.