என்ன ஆராய்ச்சி சார் பண்றீங்க?

கல்லூரிப் பேராசிரியரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்கலாம். ஏழாவது ஊதியக் குழுவை நாலு வார்த்தை திட்டிவிட்டு விட்டுவிடுவார். பெண்ணுக்கு வரன் அமைந்ததா என்றுகூடக் கேட்கலாம். "என்ன ஆராய்ச்சி சார் பண்றீங்க?" என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. உடனே மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். அது மறுபடி மூக்கில் ஏறுவதற்குள் உங்களுடைய கடைசிப் பேருந்து போயிருக்கும்.

விலங்கியல்காரரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு எல்லாமே மண்புழுதான். கல்யாணப் பந்தியில் இலையில் இடியாப்பம் விழுந்ததும் பக்கத்து இலைக்காரரிடம் ஆரம்பிப்பார்: "நம்ம ஊர்ப் புழு லாம்பிட்டோ மாரிட்டி. கொஞ்சம் கூச்ச சுபாவம். உரத் தொட்டியில போடறது யூட்ரிலஸ், ஆப்பிரிக்காக்காரன். நல்லா சாப்பிடுவான், மளமளன்னு பெருகுவான்." பக்கத்து இலைக்காரர் பாதியிலேயே இலையை மடித்துவிடுவார். நம்மவருக்கு அதில் வருத்தமில்லை, மீந்த இடியாப்பம் தொட்டிக்கு ஆகும். மழை பெய்த மறுநாள் வாசலில் நின்றுகொண்டு பேத்தியிடம் "பார்த்து நடம்மா" என்பார். அந்த அக்கறை பேத்தியைப் பற்றியது அல்ல. வீட்டில் யாராவது முணுமுணுத்தால் டார்வினைத் துணைக்கு அழைப்பார். டார்வின் 1881-இல் எழுதிய கடைசிப் புத்தகமே மண்புழுவைப் பற்றியது. புழுவுக்குக் காது கேட்குமா என்று பார்க்க அவர் வீட்டில் பஸூன் ஊதிக் காட்டினார்கள். புழு அசையவில்லை. சட்டியோடு தூக்கிப் பியானோ மேல் வைத்து வாசித்தபோது அதிர்வு தாங்காமல் வளைக்குள் ஓடியது. "டார்வின் வீட்டம்மா பொறுத்துக்கலையா?" என்பார் பேராசிரியர். இந்த வீட்டம்மா ஒன்றும் சொல்லமாட்டார். மிக்சியைக் கொஞ்சம் ஓங்கி ஓடவிடுவார்.

வரலாற்றுத்துறைக்காரரைக் கோயிலில் கண்டுபிடிப்பது சுலபம். எல்லோரும் மூலவரைப் பார்த்து நிற்க, மூலவருக்கு முதுகைக் காட்டியபடி அதிட்டானத்துக் கல்லைத் தடவிக்கொண்டிருப்பவர் அவர்தான். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளில் யாருக்குத் தென்சிறகில் வீடு, யாருக்கு வடசிறகில் வீடு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவருடைய எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தது யார் என்று கேளுங்கள். எதிரில் வீடு இருப்பதே அப்போதுதான் நினைவுக்கு வரும்.

கணிதத்துறையில் 'கிராஃப்' போடுகிறவர்கள் அதிகம். புள்ளி வைப்பார்கள், கோடு இழுப்பார்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுப்பார்கள். வாசல் கோலத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் கோபம் வரும். துண்டு துண்டாகப் பிரியாத, சுற்றும் இல்லாத கிராஃபுக்கு அவர்கள் வைத்த பெயர் மரம். இந்த மரங்கள் எல்லாமே 'கிரேஸ்ஃபுல்'தானா என்பது அரை நூற்றாண்டுக்கு மேலாக யாராலும் நிரூபிக்கப்படாத கேள்வி. ஒருநாள் ஸ்டாஃப் ரூமில் அவர்களில் ஒருவர் கவலையோடு, "மரத்துக்கு ரெண்டு இலையாவது இருக்கும், அது நிச்சயம்" என்று முணுமுணுத்ததைத் தாவரவியல் மேடம் கேட்டுவிட்டார்.

"எந்த மரம் சார்?"

"எது வேணும்னாலும் மேடம்."

"தனி இலையா, கூட்டிலையா?"

"புள்ளி மேடம். இலைங்கிறது ஒரு புள்ளி."

"பூஞ்சை நோயா இருக்கும், பாத்துக்குங்க."

தமிழ்த்துறை ஐயா இந்தச் சச்சரவில் தலையிடமாட்டார். அவர் முப்பது வருடமாக 'மன்' என்ற இடைச்சொல்லோடு குடித்தனம் நடத்துகிறவர். கழிவு, ஆக்கம், ஒழியிசை என்று அதற்குத் தொல்காப்பியர் சொன்ன பொருள் மூன்று. ஐயா வாழ்க்கை முழுவதையும் அந்த மூன்றுக்குள் அடக்கிவிட்டார். கேன்டீன் பையன் கொண்டுவந்த காப்பியை ஒரு வாய் உறிஞ்சிவிட்டு, "சூடாக இருந்ததுமன்" என்பார். இருந்தது, இப்போது இல்லை, எனவே கழிவு. பையன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு மறுநாளும் அப்படியே கொண்டுவருவான்.

வேதியியல்காரரைப் பற்றி எனக்கு இரண்டு மனது. அவர் இலைப் பிரியர். வெள்ளி நைட்ரேட் கரைசலில் இலைச் சாற்றை ஊற்றுவார். நிறம் பழுப்பாக மாறினால் வெள்ளி நானோ துகள் வந்துவிட்டது, கட்டுரையும் வந்துவிட்டது. வேம்பு, துளசி, பப்பாளி எல்லாம் முடிந்து, ஆடுகூட வாய் வைக்காத ஆடாதொடை வரைக்கும் வந்துவிட்டார். ரசத்துக்குக் கறிவேப்பிலை பறிக்கப் போன மனைவி மொட்டைக் குச்சியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார். முதல் நாலு இலை வரைக்கும் அவருக்குள் நிஜமான ஆசை இருந்தது. ஐந்தாவது இலையிலிருந்து எண்ணிக்கை மட்டும்தான் இருக்கிறது.

எண்ணிக்கையையே ஆராய்ச்சியாகக் கொண்டவர் இன்னொருவர். வணிகவியல், மேலாண்மைப் பக்கம் அதிகம் தென்படுவார், மற்ற துறைகளிலும் கிளை உண்டு. இவர் மேற்பார்வையில் வரும் ஆய்வேட்டின் தலைப்பு ஒன்றே ஒன்றுதான்: இன்ன பொருளில் வாடிக்கையாளர் மனநிறைவு, இன்ன மாவட்டத்தைச் சிறப்பு நோக்காகக் கொண்டு. ஸ்காலர் மாறும்போது மாவட்டமும் மாறும். மாவட்டம் தீர்ந்தால் ஷாம்பூவுக்குப் பதில் வாஷிங் மெஷின். தமிழ்நாட்டில் மாவட்டங்கள் பெருகி 38 ஆனபோது மனதார மகிழ்ந்தவர்கள் இரண்டே பேர், ரியல் எஸ்டேட்காரரும் இவரும்தான். யு.ஜி.சி. விதிப்படி பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டு ஸ்காலர் வைத்துக்கொள்ளலாம், இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நாலு. இவரிடம் எட்டும் எப்போதும் நிரம்பியிருக்கும். கேள்வித்தாள்கள் கேன்டீன் மேஜையிலேயே பூர்த்தியாகி, கை-ஸ்கொயர் சோதனைக்குள் போய், ஷாம்பூ விஷயத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று வெளியே வரும். பணம் கட்டினால் பத்து நாளில் அச்சிடும் 'சர்வதேச' இதழ்கள் அதை வாங்கிக்கொள்ளும். 2018 மே மாதம் யு.ஜி.சி. தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை ஒரே மூச்சில் தூக்கியபோது இவர் வீட்டில் இரண்டு நாள் சமையல் சரியாக நடக்கவில்லை.

இவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். பேருந்து போகாது. கண்ணாடியைத் தொடவேமாட்டார். "ஸ்கோபஸ்ல பதினேழு, ஹெச் இண்டெக்ஸ் ஒன்பது" என்பார். முடிந்தது. ஊரில் இவருக்குத்தான் ஆராய்ச்சியாளர் என்று பெயர், மண்புழுக்காரருக்குக் கிறுக்கர் என்று பெயர். இது எனக்கு ஒப்பவில்லை.

கிறுக்கு என்று பார்த்தால் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீகுமாரும் நிர்மலனும் யானையின் மேல்தோல் மொத்தம் எத்தனை சதுர மீட்டர் என்று கணக்குப் போட்டது எதில் சேர்த்தி? முன்காலடியின் சுற்றளவை இரட்டித்தால் உயரம் என்பது பாகன்களின் பழைய கணக்கு. இவர்கள் உயரத்தையும் காலடிச் சுற்றளவையும் வைத்துத் தோலுக்கே சூத்திரம் கண்டுபிடித்தார்கள். 2002-இல் அதற்கு இக் நோபல் பரிசு கிடைத்தது, முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆராய்ச்சிக்குத் தருகிற பரிசு. அதற்கு முந்தைய வருடம் அதே பரிசு பெங்களூர் நிம்ஹான்ஸுக்கு. அங்கே ஆண்ட்ரேட், ஸ்ரீஹரி என்ற இரண்டு மருத்துவர்கள் 200 பள்ளிப் பிள்ளைகளிடம் மூக்கு நோண்டுகிற பழக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். ஏறக்குறைய எல்லோருமே ஒப்புக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். சி.வி. ராமன் கல்கத்தாவில் பௌதிகப் பேராசிரியராக இருந்தபோது, 1920-இல், 'நேச்சர்' இதழில் சிவகாளி குமாருடன் சேர்ந்து எழுதியது மிருதங்கம், தபலா போன்ற நம் தோல்வாத்தியங்களின் நாதத்தைப் பற்றி. கிண்டியில் ஜி.என். ராமச்சந்திரன் பக்கத்துத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கங்காரு வாலின் தசைநாணை வாங்கி வந்து எக்ஸ்-ரேயில் காட்டிக்கொண்டிருந்தார். கங்காரு வாலை வைத்து என்ன சார் பண்றீங்க என்று சென்னையில் நாலு பேராவது கேட்டிருப்பார்கள். 1954-இல் சக ஆய்வாளர் கார்த்தாவோடு சேர்ந்து, நம் தோலிலும் எலும்பிலும் இருக்கிற கொலாஜென் மூன்று இழை முறுக்கு என்று எழுதினார்.

நம் மண்புழுக்காரரை, கல்லூரிக்குத் தரம் போடும் நாக் குழு வருகிற நாளில் ஒளித்துவைத்துவிடுவது கல்லூரியின் வழக்கம். இந்த முறை அது தவறிவிட்டது. சோலார் பேனலையும் ஸ்மார்ட் போர்டையும் பார்த்துக்கொண்டே வந்த குழுவில் ஒருவர், வடநாட்டுப் பெரியவர், உரத் தொட்டியருகே நின்று ஏதோ கேட்டார். முதல்வர் கண்ணைக் காட்டுவதற்குள் நம்மவர் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார். மணி இரண்டானது, இரண்டரை ஆனது. மற்ற உறுப்பினர்கள் ஏ.சி. அறையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பெரியவர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தொட்டி விளிம்பிலேயே அமர்ந்துவிட்டார். அவர் வாழ்நாள் முழுக்க அட்டைப் பூச்சியை ஆராய்ந்தவராம்.

முதல்வர் கையைப் பிசைந்தபடி ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார், சாப்பாடு ஆறுகிறது என்று.

"அட்டை ஒரு தடவை வயிறு நிறையக் குடிச்சிட்டா மாசக்கணக்குல பசிக்காது, தெரியுமா?" என்றார் பெரியவர். "இவர் எனக்கு இன்னும் முட்டைக்கூட்டைக் காட்டலை. நீங்க போய்ச் சாப்பிடுங்க."