கையில் கார்டு, பட்டியலில் பேரில்லை

வாக்குப்பதிவு நாளன்று எந்த வாக்குச்சாவடிக்குப் போனாலும் இவர் இருப்பார். ஏழு மணிக்குத்தான் ஓட்டுப்பதிவு என்றாலும் ஆறரைக்கே வரிசையில் முதல் ஆளாக நிற்பார். தேய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, பையில் வாக்காளர் அட்டை. அட்டை, தலைமைத் தேர்தல் ஆணையராக இருந்த டி.என். சேஷன் காலத்தது. அதிலிருக்கும் படம் தன்னுடையதுதான் என்று அவரே சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

அரசியலில் அவருக்குத் தெரியாதது கிடையாது. எந்தத் தொகுதியில் எந்தச் சாதி எத்தனை சதவீதம், யார் கூட்டணியை விட்டு வெளியேறுவார், யார் கடைசி நிமிஷத்தில் திரும்பி வருவார் என்று ஆறு மாதமாக டீக்கடையில் கணக்குப் போட்டுக் கொடுத்தவர். வரிசையில் நிற்கும்போதும் பின்னால் நிற்கும் காலேஜ் பையனுக்கு வகுப்பு நடக்கும். “நீல பட்டனை அழுத்துப்பா. சிவப்பு விளக்கு எரியும். பக்கத்துப் பெட்டியில சீட்டு ஏழு செகண்ட் தெரியும், சின்னத்தைச் சரியாப் பாரு. ‘பீப்’ வந்தாத்தான் ஓட்டு விழுந்ததா அர்த்தம்.” அத்தனையும் சரி. பையன் பயபக்தியோடு கேட்டுக்கொள்வான்.

கதவு திறக்கும். முதல் அலுவலர் பட்டியலைப் புரட்டுவார். முன்னே போவார், பின்னே வருவார், மறுபடி முன்னே போவார்.

“சார், உங்க பேர் இல்லையே.”

“கார்டு இருக்கே!”

“கார்டு அடையாளத்துக்குத்தான் சார். பேர் பட்டியல்ல இருக்கணும்.”

“தேர்தல் கமிஷன் குடுத்த கார்டுய்யா இது! நான் என்ன வீட்லயா அச்சடிச்சேன்?”

இதற்குள் வரிசை முணுமுணுக்க ஆரம்பித்துவிடும். இவர் விடமாட்டார். 2018 தீபாவளிக்கு வந்த ‘சர்கார்’ படத்தில் கேட்ட சட்டம் கைகொடுக்கும். “49பி போடுங்க! எனக்குச் சட்டம் தெரியும்!” அந்த விதி அவருக்குப் பொருந்தாது. பட்டியலில் பேர் இருந்து, வேறொருவர் முன்னாலேயே வந்து அந்தப் பேரில் ஓட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தால்தான் 49பி. அப்போதும் மெஷினில் போட விடமாட்டார்கள். காகித வாக்குச்சீட்டில் போட்டுத் தனி உறைக்குள் வைப்பார்கள். பேரே இல்லாதவரின் ஓட்டை யார்தான் திருட முடியும்?

நடந்தது இதுதான். அயனாவரத்திலிருந்து தாம்பரத்துக்கு வீடு மாறினார். கேஸ் கனெக்‌ஷன் மாற்றினார், ரேஷன் கார்டு மாற்றினார், ஆதாரில் முகவரி மாற்றினார், பால்காரரைக்கூட மாற்றினார். ஓட்டை மட்டும் மாற்றவில்லை. அதற்குப் படிவம் 8 போதும், போனிலேயே கொடுத்திருக்கலாம். “தேர்தலுக்குத்தான் இன்னும் நாள் கிடக்கே” என்றார். பழைய வீட்டில் விசாரித்த பூத் லெவல் ஆபீசரிடம், “அவங்க காலி பண்ணிட்டுப் போய்ட்டாங்க” என்று கீழ்வீட்டுக்காரர்கள் உள்ளதைச் சொல்லிவிட்டார்கள்.

பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை சிறப்பு முகாம் போட்டபோது அவர் மனைவி போய் வந்தார். “உங்களுதையும் சேர்த்துக் குடுத்துடறேன், ஒரு போட்டோ குடுங்க” என்று கேட்கவும் செய்தார். “எனக்குக் கார்டு இருக்கு, உன் வேலையைப் பாரு” என்று பதில் வந்தது. அந்த அம்மாளுக்குக் கூட்டணிக் கணக்கு தெரியாது. பாகம் எண்ணும் வரிசை எண்ணும் தெரியும். துண்டுச்சீட்டில் குறித்துக் கைப்பைக்குள் வைத்திருந்தார். உள்ளே போனார், இடது ஆட்காட்டி விரலில் மை வாங்கினார், வெளியே வந்தார். அப்போது கணவர் கேட்டுக்கு வெளியே மைக் நீட்டிய டி.வி. நிருபரிடம் “ஜனநாயகப் படுகொலை” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாள் பேட்டி முடியும்வரை வேப்பமரத்து நிழலில் காத்திருந்தார்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். விடுபட்ட பேரெல்லாம் வாக்காளரின் சோம்பலால் விடுபட்டதல்ல. உயிரோடு இருப்பவரை ‘இறந்தவர்’ என்று எழுதிய பட்டியல்கள் உண்டு. ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று பூத் ஒதுக்கிய பட்டியலும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் கத்தினால் நானும் கூடச் சேர்ந்து கத்துவேன். நம்மவர் அந்த ரகமில்லை. வரைவுப் பட்டியல் வந்தது, ஆட்சேபம் சொல்லக் கெடு கொடுத்தார்கள், இறுதிப் பட்டியலும் வந்தது. அந்த நாட்களில் அவர் ‘யார் அடுத்த முதல்வர்’ என்று டீக்கடையில் விவாதித்துக்கொண்டிருந்தார்.

தேர்தல் முடிந்தபின் இவர் போக்கு இன்னும் வேடிக்கை. தோற்றவர் குறைந்த வித்தியாசத்தில் தோற்றிருந்தால், “என் ஓட்டு இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்” என்பார். ஜெயித்தவர் தன் கட்சி என்றால், “நான் போடாமலே ஜெயிச்சிட்டோம்” என்பார். படிவம் மட்டும் இந்த முறையும் போடமாட்டார். அடுத்த தேர்தலுக்குத்தான் ஐந்து வருஷம் இருக்கிறதே!

நீங்கள் அவரில்லை என்றுதான் நினைக்கிறேன். எதற்கும் இன்றைக்கே 1950-க்கு ஒரு போன் போட்டுப் பேர் இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். வேட்புமனுத் தாக்கலின் கடைசி நாள் தாண்டிவிட்டால், அந்தத் தேர்தல் முடியும்வரை பட்டியலில் ஒரு பேரும் சேர்க்க முடியாது.