முதலாளிக்கு மார்க் போடுவது யார்?

கே: ஒவ்வொரு வருஷமும் ஊழியர்களை எடைபோட்டு இன்க்ரிமென்ட் கொடுக்கிறேன். எனக்கு நானே மார்க் போட்டுக்கொள்வது எப்படி?
(பின்னலாடை ஏற்றுமதியாளர், திருப்பூர்)

மார்க் போடாதீர்கள், தேதி போடுங்கள். நிர்வாக இயல் எழுத்தாளர் பீட்டர் டிரக்கர் 1999-ல் ஒரு கட்டுரையில் சொன்ன வழி இது. பெரிய முடிவு எடுக்கும் அன்றே, அதனால் என்ன நடக்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அதை எழுதி வைக்க வேண்டும். ஒன்பது மாதமோ ஒரு வருஷமோ கழித்து, நடந்ததோடு ஒப்பிட வேண்டும். எழுதித்தான் ஆக வேண்டுமா? ஆம். நம் ஞாபகம் எப்போதும் நமக்குச் சாதகமாகவே சாட்சி சொல்லும். ஆர்டர் கேன்சல் ஆனதும் "எனக்கு அப்பவே தெரியும்" என்று சொல்ல வாய் வரும். "இந்த பையர் மூன்று வருஷத்துக்கு நிச்சயம்" என்று உங்கள் கையெழுத்திலேயே நோட்டில் இருந்தால் வராது. இரண்டு மூன்று வருஷத்தில் உங்கள் ஜாதகம் அந்த நோட்டில் தெரியும். மெஷின் வாங்கியதெல்லாம் பலித்து, ஆள் எடுத்ததெல்லாம் சறுக்கியிருந்தால், இனி ஆள் எடுக்கும் பொறுப்பை வேறொருவரிடம் கொடுங்கள். பலவீனத்தோடு மல்லுக்கட்டுவதைவிடப் பலத்தை வளர்ப்பதே லாபம் என்பது டிரக்கரின் கட்சி. என் கட்சியும் அதுதான்.

கே: நான் நல்ல நிர்வாகி என்று என் உள்மனசு சொல்கிறது. நம்பலாமா?
(உணவக உரிமையாளர், மதுரை)

வேண்டாம். டேவிட் டன்னிங், ஜஸ்டின் குரூகர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1999-ல் வெளியிட்ட ஆய்வில், தேர்வில் கடைசி வரிசையில் நின்றவர்கள் சராசரியாக நூற்றுக்கு 12 பேரைத்தான் முந்தியிருந்தார்கள். தாங்கள் 62 பேரை முந்தியதாக அவர்களுடைய உள்மனசு சொன்னது. முதல் வரிசைக்காரர்கள் தங்களைக் கொஞ்சம் குறைத்தே மதிப்பிட்டார்கள்.

கே: அப்பா ஆரம்பித்த தறி. நஷ்டம் என்று கணக்கு சொல்கிறது, மூட மனசு வரவில்லை. தொழிலை எடைபோடுவதா, என்னை எடைபோடுவதா?
(விசைத்தறி உரிமையாளர், ஈரோடு)

இங்கே இரண்டும் ஒன்றுதான். 1985-ல் இன்டெல் நிறுவனத்துக்கும் இதே நிலை. மெமரி சிப்தான் அவர்களை ஆளாக்கிய சரக்கு. ஜப்பானிய நிறுவனங்கள் அதைத் தரமாகவும் மலிவாகவும் தர ஆரம்பித்தும் இவர்களால் அதை விட முடியவில்லை. ஒரு நாள் இன்டெல் நிர்வாகி ஆண்டி குரோவ், தலைவர் கார்டன் மூரிடம் ஒரு கேள்வி கேட்டார்: இயக்குநர் குழு நம் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டுப் புது ஆளைக் கொண்டுவந்தால், அவர் முதலில் என்ன செய்வார்? மெமரியை விட்டுவிடுவார் என்றார் மூர், தயங்காமல். அப்படியானால் அந்தப் புது ஆளாக நாமே ஏன் உள்ளே வரக்கூடாது என்றார் குரோவ்.

பதில் அவர்களுக்குள்ளேயே இருந்தது என்பதைக் கவனியுங்கள். இன்னும் முக்கியமானது ஒன்று உண்டு. மெமரியை நிறுத்தப்போகிறோம் என்று வாடிக்கையாளர்களிடம் போய்ச் சொன்னபோது, இதை முடிவு செய்ய இத்தனை நாளா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். தலைமைக்குத்தான் கடைசியில் தெரிந்தது. மாற்றம் சுலபமாகவும் நடக்கவில்லை. ஆலைகளை மூடினார்கள், ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள், 1986-ல் நிறுவனமே நஷ்டம் காட்டியது. பிழைத்தது மைக்ரோபிராசசர் என்ற இன்னொரு வகைச் சிப்பால்.

உங்கள் தறியை மூடுங்கள் என்று நான் சொல்லவில்லை, அந்தக் கணக்கு என்னிடம் இல்லை. நாளைக்கு ஒரு வெளியாள் உங்கள் ஷெட்டை வாங்கினால் முதல் மாதம் என்ன செய்வான் என்று ஒரு தாளில் எழுதுங்கள். நூல் வியாபாரியிடமும் கேளுங்கள். அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கும்.

கே: தவறை ஒப்புக்கொண்டால் மரியாதை போய்விடாதா?
(உதிரிபாகத் தயாரிப்பாளர், ஓசூர்)

முதலீட்டாளர் வாரன் பஃபெட்டுக்குப் போகவில்லையே! 1993-ல் டெக்ஸ்டர் என்ற ஷூ கம்பெனியை வாங்கினார், அது ஒன்றுமில்லாமல் போனது. 2007-ம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில், அதுவரை தான் செய்த மிக மோசமான வியாபாரம் அதுதான் என்று எழுதினார். சுமார் 40 கோடி டாலர் போனது என்று நிறுத்தியிருக்கலாம். பணத்துக்குப் பதில் தன் நிறுவனப் பங்குகளைக் கொடுத்ததால் உண்மையான இழப்பு 350 கோடி டாலர் என்று அவரே கணக்குப் போட்டுக் காட்டினார். "ஏதோ தப்பு நடந்துபோச்சு" என்று பொதுவாகச் சொன்னால்தான் மரியாதை போகும். இந்த முடிவு, இந்தத் தொகை, எடுத்தவன் நான் என்று சொல்லிப் பாருங்கள்.

கே: என்னைப் பற்றிக் குறை சொல்லுங்கள் என்று கேட்டால், "ஒன்றுமில்லை சார்" என்கிறார்கள். நிஜமாகவே குறை இல்லையோ?
(பவுண்டரி உரிமையாளர், கோவை)

சம்பளம் வாங்குகிறவரிடம் அப்படிக் கேட்டால் வேறென்ன சொல்வார்? "என்ன குறை?" என்பதை விட்டுவிட்டு, "நான் நிறுத்த வேண்டிய ஒரு பழக்கம் எது?" என்று கேளுங்கள். மீட்டிங்கில் நீங்கள் கடைசியாகப் பேசுங்கள். வேலையை விட்டுப் போனவரை ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டு ஒரு காபி வாங்கிக் கொடுங்கள், அவருக்கு இனி உங்களிடம் பயமில்லை. அவர் சொல்லும்போது "அது ஏன்னா..." என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே நின்றுவிடும், காபிக் காசும் வீண்.