இத்தாலியச் சிவப்பு ஒயின்களில் ஐந்திணை ஒழுக்கம்

இத்தாலியின் சிவப்பு ஒயின்களைத் திராட்சைவாரியாகப் பிரித்தவர் உண்டு. விலைவாரியாகப் பிரித்தவர் அதனினும் மிகுதி. திணைவாரியாகப் பிரித்தவர் எவருமிலர். அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். முதல், கரு, உரி மூன்றும் ஒரு புட்டிக்குள் அடங்கும் என்பது எம் துணிபு.

முதலில் குறிஞ்சி. வடமேற்கே பியட்மாண்ட் குன்றுகளில், அக்டோபர் மூடுபனிக்கிடையே பறிக்கப்படும் நெபியோலோத் திராட்சையில் பிறப்பது பரோலோ. நிறம் வெளிறியது; பார்வைக்குச் சாது. வாயில் வைத்தாலோ கடுக்காய் மென்றதுபோல் ஈறும் நாக்கும் இழுத்துப் பிடிக்கும். டானின் செய்யும் வேலை அது. எச்சிலின் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு வழவழப்பைப் போக்கிவிடும். புரதமும் கொழுப்புமாக வேறொன்று வந்தால் அதன் கவனம் அங்கே திரும்பும். மாட்டிறைச்சியை அதே ஒயினில் மணிக்கணக்காக வேகவைக்கும் பிரசாத்தோ இதற்கு வாய்த்த துணை. சட்டப்படி 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில், கிடந்த பின்னரே பரோலோ கடைக்கு வரலாம். குறிஞ்சிக்குரியது புணர்தலாயிற்றே, இது முல்லைக்குரிய இருத்தலை மேற்கொள்ளலாமா? இலக்கணிகள் பதற வேண்டாம்: உரிப்பொருள் மயங்கலாம், நிலம்தான் மயங்கக் கூடாது.

இதைத் தொல்காப்பியம் படியாமலே உணர்ந்தவர் டஸ்கனியின் கோமகன் மூன்றாம் கோசிமோ. 1716இல் கியாந்தி ஒயினுக்கு நில எல்லை வகுத்து ஆணையிட்டார். காடும் குன்றுமான முல்லை அது. முல்லையின் பறவை கானக்கோழி. கியாந்தி கிளாசிக்கோ புட்டியின் கழுத்திலோ கறுப்புச் சேவல்! இன்னும் சான்று வேண்டுவோர், உடன் வரும் ஃபுளோரன்ஸ் மாட்டுக்கறித் துண்டத்தின் கனத்தைக் காண்க.

மருதம் போ ஆற்றுச் சமவெளி. மோதெனாவின் லம்புருஸ்கோவைத் திறந்தால் நுரைத்துப் பொங்கும். கிண்ணத்தில் ஊற்றி முடிப்பதற்குள் அடங்கிவிடும். ஊடலுக்கு இதைவிடத் தெளிவான மேற்கோள் சங்க நூல்களிலும் அரிது. குளிரவைத்துக் குடித்தால் அதன் புளிப்பும் குமிழும் பன்றிக் கொழுப்பை நாவிலிருந்து கழுவிவிடும்.

பாலைக்குத் தனி நிலமில்லை. பிற நிலம் வறண்டால் பாலை. வெரோனா அருகே வல்போலிசெல்லாவிலும் இதே விதிதான். கொர்வீனா முதலான பழங்களை உடனே பிழிந்தால் இலகுவான ஒயின்; மூன்று நான்கு மாதம் உலர்த்திப் பிழிந்தால் அமரோனே. சர்க்கரை செறிவதால் ஆல்கஹால் 15 விழுக்காட்டைச் சுலபமாகத் தொடும். ரிசோத்தோச் சோற்றையும் அதிலேயே சமைப்பர்.

நெய்தலில்தான் ஆய்வு தரைதட்டியது. சிவப்பு ஒயினிலுள்ள இரும்பு, மீனின் கவிச்சியைத் தூக்கிக் காட்டும் என்பர். லிவோர்னோ துறைமுகத்தாரோ கச்சூக்கோ என்னும் மீன் குழம்பில் சிவப்பு ஒயினையே ஊற்றுகிறார்கள், குடிப்பதும் அதையே. மீனுக்கு வெள்ளை ஒயினே என்று விதி வகுத்த அறிஞர்கள், அவ்வூர் உணவகங்களில் அதை உரக்கச் சொல்லாதிருக்கவும்.